தவக்கால ஊதா

கூடத்தில் பிளாஸ்டிக் உறை கிழியும் சத்தம் கேட்டது. நகத்தால் ஓரத்தைத் தேடி, மெல்லக் கீறி, நிறுத்தி நிறுத்திக் கிழிக்கும் சத்தம். சமையலறையில் சங்கரா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அருள்ராணிக்கு, எட்டிப் பார்க்காமலேயே அது தன் அண்ணனின் கை என்று தெரிந்துவிட்டது. லூர்து பிரகாஷ் தனக்குப் பிரியமான எதையும் அவசரமாகப் பிரித்ததே கிடையாது.

"பாத்து மாப்ள. கீழ கையக் குடுத்துப் புடிங்க, முதுகு மடங்கிடப் போவுது."

"கைக்கொழந்தையத் தர்ற மாதிரி தர்றீங்களே மச்சான்." இது அவள் கணவன் பாக்கியராஜ். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் வேலை. எது கையில் வந்தாலும் முதலில் எடைதான் பார்ப்பான். "ரெண்டரை கிலோ இருக்கும். இன்னா புக்கு இது, பைபிளை விட கனமா கீது?"

"வெள்ளிடி வீரன் மாப்ள. நாங்க ஸ்கூல் படிக்கசொல்ல மாசம் ஒண்ணு வரும். சாணிப் பேப்பரு, கருப்பு வெள்ளை. இப்ப அத்தினியும் ஒண்ணா சேத்து, புதுசா கலர் பண்ணிப் போட்டுக்கிறாங்க. திண்டிவனத்துக்கு நேத்துதான் கூரியர்ல வந்துச்சு. உங்ககிட்ட காட்டிட்டுத்தான் பிரிக்கணும்னு அப்படியே பஸ் ஏறி வந்துட்டேன். கலர் பண்ணது யாரு தெரியுமா? ஒரு பொண்ணு. இருபத்தாறு வயசுதான். விளம்பரத்துல ரெண்டு பக்கம் பாத்தேன், கடவுள் கை மாப்ள அதுக்கு."

அருள்ராணி அடுப்பை அணைத்தாள். மீனின் ஒரு பக்கம் இன்னும் வேகவில்லை. அவள் வயிறு எரிந்தது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அண்ணன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்திருந்தான். முப்பத்தேழு வயது, பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலை, முன்பக்கம் ஏறிய வழுக்கை. தலையைத் தூக்காமலேயே கேட்டான்.

"ராணி, கை கழுவுனியா?"

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே கேள்வி. அதே குரல்.

அப்போது அவர்கள் வீடு திண்டிவனத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் இருந்தது. அப்பா ரைஸ் மில்லில் மேஸ்திரி. பிரகாஷ் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்தான். மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். ஹாஸ்டல் சோற்றுக்கு அழுகிற பிள்ளைக்கு ஆறுதலாக, அப்பா மாதாமாதம் வெள்ளிடி வீரன் புத்தகத்தை வாங்கி அவனுடைய தகரப் பெட்டியின் மேல் வைத்துவிடுவார். அண்ணன் வந்து பிரிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். ஏழாவது படிக்கும் அருள்ராணி தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போவாள். அட்டையை மட்டும் பார்க்கலாம். தொடக் கூடாது.

அவன் வந்து, இரண்டு தரம் படித்து முடித்த பிறகு அவளுடைய முறை வரும். கையைக் கழுவிவிட்டு, டீச்சரிடம் நகம் காட்டுவதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். அதன்பிறகும் பக்கத்தை அவன்தான் திருப்புவான்.

அவனை அவள் வெறுக்கவில்லை. அவன்மேல் பொறாமைப்பட்டாள். வெறுப்பு என்றால் ஒருநாள் ஆறிப் போகும். பொறாமை அப்படியா? கூடவே உட்கார்ந்து சாப்பிடும், கூடவே படுத்துத் தூங்கும்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஞாயிறு மறைக்கல்வியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. பன்னிரண்டு ஸ்கெட்ச் பேனாக்கள். வெள்ளைத் தாளில் பூவும் குடிசையும் வரைய அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்தாள். பதினோரு புத்தகங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான கட்டங்கள், எல்லாம் வெறும் கருப்புக் கோடுகளாக, யாராவது உயிர் கொடுக்க மாட்டார்களா என்று கிடந்தன.

வெள்ளிடி வீரனின் மேலங்கி என்ன நிறம் என்று புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எல்லாரையும் காப்பாற்றுகிறவர் மாதா. மாதா நீலம் போட்டிருக்கிறாள். ஆகவே அவனுக்கும் நீலம். நீலப் பேனா நான்காவது புத்தகத்திலேயே தீர்ந்தது. வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கரைத்து, துடைப்பக்குச்சியில் பஞ்சு சுற்றி அதைத் தொட்டுத் தொட்டு அடித்தாள். பேனா மை அடுத்த பக்கத்துக்கு ஊறியது. சொட்டு நீலமோ ஊறாமல் மேலேயே நின்றது. கதையில் வந்த அத்தனை பேருக்கும் தன் வீட்டு ஆட்களின் மாநிறத்தைக் கொடுத்தாள்.

அப்புறம் வில்லன். சாம்பலரசன். வெள்ளிடி வீரனின் கூடப் பிறந்த தம்பி. தலைமுதல் கால்வரை மூடிய முக்காட்டுக்குள் இருப்பான், முகமே தெரியாது. அவனுக்கு என்ன நிறம் கொடுப்பது? தவக்கால வழக்கப்படி அப்போது கோயிலில் மாதா முதல் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கு இரவில்தான் திறப்பார்கள். மூடியிருப்பதெல்லாம் ஒருநாள் திறக்கும் என்று அவள் அறிந்திருந்த நிறம் அது ஒன்றுதான். சாம்பலரசனின் முக்காட்டுக்கு ஊதா அடித்தாள்.

பாஸ்குக்கு இரண்டு நாள் முன்பு, பெரிய வியாழன் அன்று பிரகாஷ் ஹாஸ்டலிலிருந்து வந்தான். பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினான். பிறகு அழுதுகொண்டே அப்பாவிடம் ஓடினான்.

"அப்பா, எல்லாத்தையும் அசிங்கம் பண்ணி வெச்சிருக்குதுப்பா."

அப்பா அடிக்கவில்லை. இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் சாயங்கால ஜெபம்வரை முட்டி போட வைத்தார். முட்டி வலித்தது இரண்டு நாளில் போய்விட்டது. அசிங்கம் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

அம்மா பதினோரு புத்தகங்களையும் எடுத்து, பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை, அதாவது வறுத்த வேர்க்கடலை, விற்கும் பக்கத்து வீட்டு வீரம்மாளிடம் கொடுத்துவிட்டாள், பொட்டலம் மடிக்க. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அருள்ராணி பார்த்தாள். சென்னை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒருவர் கையில் அவளுடைய நீலம். புதுச்சேரி பஸ்ஸில் ஒரு குழந்தையின் கையில் அவளுடைய ஊதா. தின்று முடித்ததும் கசக்கி எறிந்தார்கள். அவள் கலர் அடித்த வானங்கள் பஸ் சக்கரத்தின் கீழே கிடந்தன. ஓடிப்போய் வீரம்மாளின் கூடை முன்னால் அழுதுகொண்டே நின்றாள்.

"ஏம்மே அழுவுற? உன் பேப்பருதான் ஓடுது. வெள்ளைப் பேப்பர்ல மடிச்சா வாண்டாங்குதுங்க, எனக்கு அந்தக் கலர் பொட்லம் குடு ஆயான்னு கேக்குதுங்க பசங்க. இந்தா, ஒண்ணுதான் மிச்சம், எடுத்துக்கினு போ."

மூலையில் எண்ணெய்க் கறையோடு ஒரே ஒரு தாள். அவள் அடித்த நிறத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டும் அதுதான், கடைசிப் பாராட்டும் அதுதான்.

பிறகு அவள் படம் வரையவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் டிராயிங் கோர்ஸ் என்று ஒருமுறை வாயெடுத்தாள். "உனக்கு எதுக்கும்மா அது?" என்று அப்பா கேட்டார். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியராஜைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தாள். இப்போது கடைத்தெருவில் நடராசன் என்பவரின் மேட்சிங் சென்டரில் வேலை. புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும். கோட்டக்குப்பத்திலிருந்து நிக்காவுக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள்கூட "அந்த ராணியக்கா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். டியூப்லைட்டில் அவள் நிறம் பார்க்க மாட்டாள். புடவையை ஒரு கையிலும் துணியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடச் சொல்வாள். "லைட்டு பொய் சொல்லும்மா" என்பாள்.

அண்ணன் கேட்டபடியே அவள் இப்போதும் போய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் பக்கங்களைத் திருப்பினான்.

குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் பார்க்க ஆரம்பித்தாள். முதல் பத்துப் பக்கங்களிலேயே அது முடியாது என்று தெரிந்துவிட்டது. இரவுக் காட்சிகளில் அந்தப் பெண் கருப்பைத் தொடவே இல்லை. மயில்கழுத்து நிறத்தை இருட்டாக்கி வானமாக விரித்திருந்தாள். அதனால் பழைய ஓவியரின் கோடுகள் ஒன்றுகூட அமுங்காமல் எழுந்து நின்றன. லாந்தர் பிடித்திருக்கும் கிழவனின் ஒரு கன்னத்தில் மட்டும் மாம்பழ மஞ்சள் விழுந்து, மறு கன்னம் காப்பிப்பொடி நிறத்தில் கிடந்தது. பழைய அச்சில் மை ஈஷிப்போயிருந்த இடங்களில் இப்போது கண்கள் தெரிந்தன. துறைமுகம் எரியும் காட்சியில் இரண்டு பக்கமும் நெருப்பு. அதிலும் சிவப்பை அள்ளிக் கொட்டவில்லை, நடுவில் ஓடும் வெள்ளிடி வீரனின் மேலங்கிக்கு மட்டும் மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். அரக்குச் சிவப்பு. நீலத்துக்குப் பதில் அரக்கு. அதுதான் சரி என்று அருள்ராணியின் கண்ணே சொன்னது. சொன்ன கண்ணை அவளுக்குப் பிடுங்கிப் போடலாம்போல இருந்தது.

"எப்படிக் கீது ராணி?" என்றான் பிரகாஷ்.

"நல்லாக் கீது." இரண்டே வார்த்தை.

"இதைக் கேளுங்க மாப்ள." அவன் பின்னட்டையின் மடிப்பைத் திருப்பினான். குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண்ணின் படம். வண்ணம்: கலைப்பிரியா. கீழே அவள் சொன்ன சில வரிகள். அவன் வாத்தியார் குரலில் சத்தமாகப் படித்தான். "எட்டு வயதில் அண்ணனின் கருப்பு வெள்ளைக் காமிக்ஸ் புத்தகங்களில் அவனுக்குத் தெரியாமல் கலர் அடித்தேன். பார்த்துவிட்டு அவன் என்னைத் திட்டவில்லை. மறுநாள் ஒரு புதுக் கலர்ப் பெட்டி வாங்கி வந்து தந்தான். இந்தப் புத்தகம் அவனுக்கு."

படித்து முடித்துவிட்டு, "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்றான்.

அருள்ராணி அவன் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. ஒரு கலக்கம், ஒரு நினைவு, ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது, இப்போது எரிவது அந்தப் பெண்ணின் கையைப் பார்த்து அல்ல என்று. அந்தப் பெண்ணுக்கு வாய்த்த அண்ணனைப் பார்த்து.

"ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட? மீனு கருகுதா?" என்றான் பாக்கியராஜ்.

"அடுப்பை அணைச்சுட்டேன்" என்றாள். பிறகு அண்ணனிடம், "கடைசிக் கதையக் காட்டுண்ணா. நம்ம காலத்துல அது வரவேயில்லையே, பாதியில நின்னு போச்சே" என்றாள்.

அவன் சந்தோஷமாகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனான். சாம்பலரசன் அண்ணனைக் காப்பாற்ற நெருப்புக்குள் பாய்கிறான். கடைசிக் கட்டத்தில் விடிந்திருக்கிறது. கடற்கரை மணலில் அவனுடைய முக்காடு மட்டும் திறந்து கிடக்கிறது, உள்ளே யாரும் இல்லை.

"புக்கு பூரா அவனுக்குச் சாம்பக் கலருதான்" என்றான் பிரகாஷ். "இங்கியும் பாரு, அதே சாம்பல். மாத்தாம விட்டுட்டுது. அது ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம்..."

"சாம்பல் இல்லண்ணா இது."

"பின்ன?"

"இங்க பாக்காத. லைட்டு பொய் சொல்லும். எடுத்துக்கினு வா."

அவனுக்குப் புத்தகத்தை வெயிலில் கொண்டுபோக மனமில்லை. ஆனாலும் எழுந்து பின்னால் வந்தான். வாசற்படியில் பகல் வெளிச்சம் பக்கத்தின் மேல் விழுந்தது. மணலில் கிடந்த அந்த முக்காட்டின் மடிப்புகளில் மெல்ல ஊதா தெரிந்தது. வெங்காயத் தோலின் உள்பக்கத்தில் இருப்பதுபோல அவ்வளவு லேசாக. புத்தகம் முழுவதும் சாம்பலாக இருந்தவனை, அவன் திறந்துகொண்ட அந்த ஒரே இடத்தில், அந்தப் பெண் ஊதாவுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

"அட" என்றான் பிரகாஷ். "நான் நூறு தரம் பாத்திருந்தாலும் இது தெரிஞ்சிருக்காது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அருள்ராணி உள்ளே போனாள். அலமாரியில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்த ஜெபப் புத்தகத்தை எடுத்து, அதன் நடுவிலிருந்த தாளை உருவினாள். மடிப்பு மடிப்பாகச் சுருங்கிப்போன தாள். மூலையில் எண்ணெய்க் கறை. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கும் ஒரே ஒரு பெரிய கட்டம். அண்ணனுக்குச் சொட்டு நீலம். தம்பிக்கு அழுத்தமான தவக்கால ஊதா. வாசலுக்குக் கொண்டுவந்து புத்தகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

பிரகாஷின் கை தானாக நீண்டது.

"கை கழுவுனியாண்ணா?" என்றாள் அவள். "பஸ்ஸுல கம்பி புடிச்ச கை."

பாக்கியராஜ் சிரித்துவிட்டான். "போங்க மச்சான், போங்க. இந்த ஆபீசுல ரூல்ஸு பேஜாரு."

பிரகாஷ் சிரிக்கவில்லை. புத்தகத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கை கழுவி, சட்டையில் துடைத்து, திரும்பி வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். அவள் தாளைக் கொடுத்தாள். அவன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது ஒரிஜினல் பேப்பரு" என்றான். "எங்கிட்ட அந்தப் பழசு ஒண்ணுகூட இல்ல ராணி. எத்தினி வருசமா தேடறேன், ஊர் ஊரா. ஒரு அட்டைகூடக் கெடைக்கல."

"வீரம்மா ஆயாகிட்ட வாங்குனேன். மல்லாட்டை மடிச்சு வித்தது போவ இது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் காத்திருந்தாள். அவன் காகிதத்தைப் பற்றி மட்டும்தான் பேசினான். ஒரு வார்த்தைக்காக, இருபத்து மூன்று வருஷமாக உள்ளே கிடக்கும் ஒரு முள்ளை அவன் தன் கையாலேயே பிடுங்க வேண்டும் என்பதற்காக, அவள் நின்றாள். அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்குக் குடுத்துரு இதை. வேணும்னா இந்தப் புக்கை நீ வெச்சுக்க. முழுசா உனக்கே. நான் வேற ஒண்ணு கெடைச்சா வாங்கிக்கறேன்."

அவன் கண்ணில் அவள் அதைப் பார்த்தாள். தகரப் பெட்டியின்மேல் கிடக்கும் பிரிக்காத புத்தகத்தைத் தினமும் கடந்துபோன ஒரு சிறுமியின் கண்ணில் இருந்ததே, அதேதான். தன் அண்ணன் தன்மேல் பொறாமைப்படுவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். அது இனிக்கும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். இனிக்கவில்லை.

"கலர் எப்படிண்ணா கீது?" என்று கேட்டாள். "பேப்பரை வுடு. கலர் எப்படிக் கீது, சொல்லு. அன்னிக்கு அப்பாகிட்ட ஒண்ணு சொன்னியே."

பிரகாஷ் தாளிலிருந்து தலையை எடுத்தான். பின்னட்டை மடிப்பில் அவன் சற்றுமுன் சத்தமாகப் படித்த வரிகள் அப்போதுதான் அவனை வந்து அடைந்தன போலிருந்தது. முகம் மெல்ல மாறியது. பாக்கியராஜ் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி, ஒதுங்கி நின்றான்.

"இன்னா சொன்னேன்னு ஞாபகம் இல்ல" என்றான் பிரகாஷ். "அழுதது ஞாபகம் கீது. போட்டுக் குடுத்தது ஞாபகம் கீது."

"அசிங்கம்னு சொன்ன."

அவன் தாளை மறுபடி பார்த்தான்.

"நான் அன்னிக்கு இதைப் பாக்கவே இல்ல ராணி. புக்கு போச்சேன்னுதான் பாத்தேன். இதை இன்னிக்குத்தான் பாக்கறேன்." தாளை இன்னும் வெயிலுக்குத் திருப்பினான். "சாம்பலரசன் திருந்துவான்னு அந்தப் பொண்ணு முழுக் கதையும் படிச்சுட்டுக் கலர் குடுத்துக்குது. நீ படிக்காமலே குடுத்துக்கிற. இது அசிங்கம் இல்ல."

அருள்ராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா என்றால் அழுதாள். ஆனால் கையை மட்டும் நீட்டியபடியே வைத்திருந்தாள், தாளை வாங்கிக்கொள்ள.

"தர மாட்டியா?" என்றான் அவன்.

"தர மாட்டேண்ணா. வந்து பாத்துட்டுப் போ. எப்ப வேணாலும் வா."

அவன் இரண்டு கையாலும் தாளைத் திருப்பிக் கொடுத்தான். மீன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பாக்கியராஜ் வற்புறுத்தினான். மத்தியான பஸ்ஸை விட்டால் கூட்டம் ஏறிவிடும், புத்தகம் நசுங்கும் என்று பிரகாஷ் மறுத்துவிட்டான். புத்தகத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"புக்கு எங்கிட்டதான் இருக்குது" என்றான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "நீயும் வந்து பாக்கலாம்."

"கை கழுவிட்டு வர்றேன்" என்றாள் அவள்.

அவன் லேசாகச் சிரித்தான். "வர்றேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். பையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, வெயிலில், தெரு முனையில் நின்ற ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்தான். அந்தப் பைக்குள் குட்டை முடி வைத்த அந்தப் பெண்ணும், அவளுக்குக் கலர்ப் பெட்டி வாங்கித் தந்த அண்ணனும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை நினைத்தபோது அருள்ராணிக்கு வயிறு இன்னமும் கொஞ்சம் எரிந்தது. ஷேர் ஆட்டோ புறப்படும்வரை நின்று பார்த்துவிட்டு, ஒரு கையில் தாளோடு, மறு கையால் கதவைச் சாத்தினாள்.